நல்ல தண்ணீர் பாய்லருக்கு

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. என் வலது கைப் பெருவிரலின் மேல்பாதி ஒரு கிணற்று ராட்டினத்தில் போய்விட்டது. மற்ற விரல்களுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த ஒன்றும் போன பிறகு எழுதுகிறேன். படிப்பும் மூன்றாம் வகுப்போடு சரி. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே கிணற்றுத் தண்ணீர்; எது எந்த இடத்தில் ஊறும் என்று இன்றுவரை பிடிபடவில்லை. நீங்களே சரியானதை ஊற்றிக்கொண்டு படியுங்கள்.

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, போன வாரம் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து இரும்புக் குழாய் போட்டு, வடிகட்டி, சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளின் வாசலுக்கே தண்ணீர் கொண்டுவந்தாயிற்று; ஆனாலும் பழைய குடும்பங்கள் அதில் துணி மட்டும் துவைத்துவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் அந்தக் கசப்புக் கிணற்றுக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, ஏன் என்று கேட்டீர்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். எதிரில் நான்கு பேர் நின்றால் எனக்கு வாய் வராது. காகிதத்துக்கு முன்னால் அந்தத் தொந்தரவு இல்லை. ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்க் காகிதமும் மையும் வாங்கிவந்து பதில் எழுதுகிறேன். காரணம் நான்தான்.

நான் எங்கள் தங்கச் சுரங்கக் கம்பெனியில் தண்ணீர் மேஸ்திரியாக இருந்தேன். பட்டம் பெரிதாகத் தெரியும். எந்தத் தண்ணீர் எங்கே போகவேண்டுமோ அங்கே போகவிடுவதும், போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. அந்தக் காலத்தில் எங்களிடம் மூன்று தண்ணீர் இருந்தது. மூன்றும் ஒரே வானத்திலிருந்து விழுந்த மழைதான். விழுந்த பிறகு எந்தக் கல்லோடு எவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியது என்பதில்தான் வித்தியாசம்.

முதலாவது, செங்குத்தான சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து பம்பு மேலே தள்ளும் தண்ணீர். கீழே பித்தளைத் தூள் போல மின்னும் கல் ஒன்று உண்டு. புதிதாக வந்தவன் அதைத் தங்கம் என்று நினைத்து மடியில் முடிந்துகொள்வான். காற்றும் ஈரமும் பட்டால் அது துருப்பிடித்துப் புளித்துப்போகும். அதில் ஊறிய தண்ணீர் ஓடிய வாய்க்கால் எல்லாம் செங்காவியாக இருக்கும், குழாயைக்கூட அரித்துவிடும். அதைக் கல் இடிக்கும் மில்லுக்கு விட்டோம். இரண்டாவது, லைன் வீடுகளுக்குப் பக்கத்துக் கிணறு. மூன்றாவது, மேற்கே இருந்த ஏரி. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது; பெரிய குட்டை. நம் தங்கவயல் இருக்கும் கருப்புக் கல் பட்டை அங்கே முடிந்து, சாம்பல் நிறப் பாறை மேடு ஆரம்பமாகும். மொட்டைப் பாறையில் விழுந்த மழை நிற்காமல் வழிந்து ஏரிக்கு வந்துவிடும். கல்லிடம் ஒன்றும் கடன் வாங்காத தண்ணீர். வாயில் ஊற்றினால் வெறும் குளிர்ச்சிதான் தெரியும்.

கிணற்றின் கதையை முதலில் சொல்கிறேன். அது இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அந்தக் கிணறு முதலில் நல்ல கிணறாகத்தான் இருந்தது. மேலாக இருந்த மக்கிப்போன கல்லில் ஊறிய தண்ணீர். கொஞ்சமாக ஊறும், ஆனால் வாய்க்கு ஆகும். ஒரு கோடையில் வற்றியது. வேறு ஊராக இருந்தால் அகலமாக வெட்டியிருப்பார்கள், அல்லது தள்ளி இன்னொன்று தோண்டியிருப்பார்கள். தங்கவயலில் யாருக்கும் பக்கவாட்டில் யோசிக்க வராது. கீழே போகப்போகத்தான் சரக்கு என்பது துரை முதல் கூலி வரை எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். கிணற்றுக்குள் இறங்கித் துளை போட்டு, மருந்து வைத்து வெடித்தோம். மருந்து என்றால் இங்கே வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பதைக் கஷாயம் என்போம். அடியில் கெட்டியான கருப்புக் கல் பிளந்தது. வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. கண்ணாடி போன்ற தண்ணீர். தேங்காய் உடைத்தோம். துரை எல்லோருக்கும் அரை நாள் லீவு விட்டார்.

மறுநாள் மத்தியானம் கன்னியம்மா அக்கா இடுப்பில் ஒரு பானையோடு கிணற்றடிக்கு வந்தார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஷாஃப்ட் வாசலில் சோறும் பருப்பும் விற்பவர். கணவர் சுரங்கத்தில் இறந்துபோனவர். லைனில் ஒரு வீட்டைக் கம்பெனி அவருக்குத் தயவாக விட்டுவைத்திருந்தது. அந்தப் பருப்பும் அந்தத் தயவும்தான் அவருடைய பிழைப்பு.

"இன்னா மேஸ்திரி, கிணத்துக்கு மருந்து வெச்சீங்களாமே. தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு யக்கா. நெறைய வந்துச்சு."

"தண்ணி வந்துச்சு, சரி. இது இன்னா?" பானையைச் சாய்த்துக் காட்டினார். பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, கடையில் வாங்கிய கோலத்தில் அப்படியே கிடந்தது.

"காலைலேர்ந்து எரிக்கிறேன். வெறகு வெந்துபோச்சு, பருப்பு வேகல. இத்த எடுத்துக்கினு போயி உங்க தொரைகிட்ட குடு. துப்பாக்கில போட்டு முயல் சுடுவாரு."

கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் 'மேஸ்திரி பருப்பு வேகல' என்று சொல்வது வழக்கமாயிற்று. மற்ற ஊர்களில் அது பழமொழி. எங்களுக்கு அது சமையல் சமாசாரம். ஆழத்தில், கருப்புக் கல்லின் வெடிப்புகளில் பல காலம் தேங்கிக் கிடந்த தண்ணீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உப்பும் கசப்புமாக ஆகியிருந்தது. பானையில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். சவுக்காரம் நுரைக்காது. புதிதாக வந்தவர்களுக்குச் சில நாள் வயிறு போகும், பிறகு பழகிவிடும். தங்கத்துக்கு ஆழம் நல்லது. தண்ணீருக்கு ஆழம் எப்போதும் நல்லதில்லை. இந்த ஒரு வரிக்கு விலையாக நாங்கள் ஒரு நல்ல கிணற்றைக் கொடுத்தோம்.

நீங்கள் கேட்கலாம்: ஏரியில் நல்ல தண்ணீர் இருந்ததே, அதை ஆட்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று. ஏரி, பம்பையும் மில்லையும் ஓட்டும் நீராவிப் பாய்லருக்கு. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பானையில் பிடித்த அதே பொருக்குப் பாய்லரிலும் பிடிக்கும். தகடு சூடேறி விரியும், வெடித்தாலும் வெடிக்கும். அதனால் பாய்லர் துரை ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டு என்னைக் காவலுக்கு வைத்தார். ஒரு முறை, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காவது ஒரு குடம் கொடுக்கலாமா என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன். அவருக்கு எங்கள் தமிழ் நன்றாக வரும்.

"மேஸ்திரி, ஆள் செத்தா நாளைக்கு வேற ஆள் வரும். பாய்லர் செத்தா கப்பல்ல வரணும்," என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எனக்கு வேட்டி கொடுத்தவர். அவருக்குப் பாய்லரின் வயிற்றுவலி புரிந்த அளவு மற்ற வயிறுகள் புரியவில்லை, அவ்வளவுதான். வேலி போட்டதில் ஏரிக்கரையில் இருந்த சிறு குப்பத்துக்குத்தான் இடைஞ்சல். ஏரியில் இறங்க வழியில்லாமல், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் குளிக்கவும் துவைக்கவும் ஆரம்பித்தார்கள். பாய்லருக்கு அதனால் ஒன்றும் இல்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை.

கன்னியம்மா அக்கா கசப்புக் கிணற்றோடு நீண்ட நாள் மல்லுக்கட்டவில்லை. ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர் அவர் வீட்டுச் சந்தில் கொஞ்ச நேரம் மாடுகளுக்கு இளைப்பாறல் கொடுப்பார். மாடுகளுக்கு அந்தச் சந்து மிகவும் பிடித்திருந்தது. அக்காவின் பருப்பு மறுபடி குழைந்தது. எனக்குத் தெரியும், தெரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு அவர் சோற்றுப் பானைகளுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை ஒன்றும் வைத்தார். ஷிஃப்ட் முடிந்து வெந்து ஏறிவரும் ஆட்கள் பருப்புக்கு வந்தார்களா அந்தப் பானைக்கு வந்தார்களா என்று சொல்ல முடியாது. அந்தப் பானையின் உட்புறம் எப்போதும் புதுமண் சிவப்பாகவே இருந்தது. பொருக்கு என்ற பேச்சே இல்லை.

ஒரு காலை நேரம் வண்டிக்காரர் காலி வண்டியோடு என்னிடம் வந்து நின்றார். "மேஸ்திரி, ஏரிக்கரைக் குப்பத்துல அந்த நோவு வந்துகீது," என்றார். வாந்திபேதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் வந்துவிடும் என்று பயம். ஓடினேன். வாய்க்காலில் இரண்டு பெண்கள் இறந்தவருடைய பாயையும் துணிகளையும் அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் நேராக ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் ஏரியில் கையை விட்டு அள்ளினேன். பழக்கத்தில் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. நிறம் இல்லை. வழக்கம் போல வெறும் குளிர்ச்சி. தங்கவயலிலேயே மிக நல்ல தண்ணீர்.

தம்பிகளே, எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று, அது அந்தக் கரையில் கிடைத்தது. தண்ணீர் எந்தக் கல்லில் இருந்து வந்தது என்று நாக்கு சொல்லும். எந்த மனிதர்களைத் தாண்டி வந்தது என்று சொல்லாது. கல் செய்கிற கெடுதல் கசக்கும், கறை பிடிக்கும், பருப்பை வேகவிடாமல் சண்டை போடும். மனிதன் செய்கிற கெடுதல் இனிப்பாகவே இருக்கும்.

பாய்லர் துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "அதனால பாய்லருக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகாது தொரை."

"அப்ப சரி. வாயைத் திறக்காதே. வெளியே தெரிஞ்சா ஆள் ஓடிடும். ஏரித் தண்ணி எவன் எடுத்தாலும் பேரைக் கொடு. லைனை விட்டு வெளியே அனுப்பிடலாம்."

திரும்பி நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். பெயரைக் கொடுத்தால் அக்காவுக்கு வீடு போகும். உண்மையைச் சொன்னால் அக்கா அந்தக் கணமே பானையைக் கவிழ்த்துவிடுவார், ஆனால் ஒரு மணி நேரத்தில் லைன் முழுதும் மூட்டை கட்டிவிடும். அப்போது ரயில் நம் மாரிகுப்பம் வரை வராது. ஊருக்குப் போகிறவர்கள் ரயில் பிடிக்கப் பௌரிங்பேட்டைக்கு நடக்க வேண்டும். நடக்கும் வழி அந்தக் குப்பத்தின் வழி. வெயிலில் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் எங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். துரை சொன்னது போலவே வாயைத் திறக்காமல் இருந்தாலோ, காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்; ஏறியதும் அவர்கள் கை நீளும் இடம் அக்காவின் பானை.

ஷாஃப்ட் வாசலுக்குப் போனபோது கேஜ் என்கிற இரும்புக் கூண்டு கீழிருந்து ஒரு கூட்டத்தை ஏற்றிவந்து விட்டிருந்தது. குவளைகள் கைமாறிக்கொண்டிருந்தன.

"அண்ணமாரே," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

கன்னியம்மா அக்காதான் கவனித்தார். "ஏய், சும்மா இருங்கடா. தண்ணி மேஸ்திரி பேசப்போறாரு. போன பொங்கலுக்கு ஒரு வார்த்த பேசினாரு, இப்பதான் ரெண்டாவது. கேளுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான், வேண்டாததும் அதுதான்.

"ஏரித் தண்ணில மருந்து போட்டுகீறாங்க," என்றேன்.

"வெடி மருந்தா?" என்று ஒருவர் குவளையை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"இல்ல. பாய்லர் மருந்து. உள்ள பொருக்குப் புடிக்காம இருக்கறதுக்கு." அப்படி ஒரு மருந்து உண்மையில் உண்டு. பாய்லருக்குள் போடுவார்கள். ஏரியில் யாரும் போட்டதில்லை.

"போட்டா போடட்டும். நமக்கும் உள்ள பொருக்குப் புடிக்காம இருக்கும்," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். ஒருவர் மறுபடி மொண்டார்.

"உடம்புக்கு ஆவாது," என்றேன்.

"எந்த ஒடம்புக்கு?" இது சவரிமுத்து. பாறையில் துளை போடும் ஆள். குரலும் துளை போடும்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை. அத்தனை கண்கள். காது சூடாகி, முகம் சூடாகி, தரையைப் பார்த்தேன். கால் பெருவிரல் தானாகவே மண்ணைக் கீறியது.

சவரிமுத்து என்னை உற்றுப் பார்த்தார். மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "டேய், மேஸ்திரி வெக்கப்படுறாருடா."

பிறகு என் பக்கம் குனிந்தார்.

"ஆம்பளைக்கு ஆவாதா மேஸ்திரி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் ஆமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். குவளைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் வாயில் இருந்ததைப் பக்கத்துக்காரர் மேலேயே துப்பிவிட்டான்.

"எம் பானைல கிணத்துத் தண்ணிதான்," என்றார் அக்கா.

சவரிமுத்து குனிந்து பானைக்குள் பார்த்தார். "கிணத்துத் தண்ணின்னா பொருக்கு எங்க யக்கா?"

ஏரி என்று அக்காவால் சொல்ல முடியாது. சொன்னால் வீடு போகும். பானையைத் தூக்கி, அவ்வளவு தண்ணீரையும் என் காலடியில் ஊற்றினார். "போதுமா?" என்றார். பிறகு காலிப் பானையோடு எல்லோரும் பார்க்கக் கசப்புக் கிணற்றை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு ஏரிக்குக் காவலே தேவைப்படவில்லை. முள்வேலியும் நானும் செய்ய முடியாததை என் வெட்கம் செய்துவிட்டது. எங்கள் லைனில் யாருமே சாகவில்லை என்று எழுத ஆசைதான். குப்பத்துக்கு உறவினரைப் பார்க்கப் போன சிலர் போய்விட்டார்கள். குப்பத்திலோ பல வீடுகளில் விளக்கேற்ற ஆள் இல்லை. அவர்களுக்கு நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. வேலி போட்டவர்கள் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை.

நோய் ஓய்ந்த பிறகு ஒரு டாக்டர் துரை வந்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்து, கசப்பு, ஆனால் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு கம்பெனி பல வருடம் வேறு கிணறு வெட்டவில்லை. ஆட்களை ஏரிப் பக்கம் விடாமல் காப்பாற்றியவர் என்று பாய்லர் துரைக்கு நல்ல பெயர். அவர் காப்பாற்றியது பாய்லரை. நன்றி சொல்வதானால் நாம் பாய்லருக்குத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா ஆப்பச் சோடா போட்டுப் பருப்பை வேகவைத்துப் பார்த்தார். பருப்பு வெந்தது, சவுக்கார வாசனையும் வந்தது. கூட்டம் குறைந்தது. ரயில் வந்ததும் ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் கடையை மாற்றிக்கொண்டார். என்னோடு பேசவில்லை.

இப்போது உங்கள் குழாய்க்கு வருகிறேன். குழாய் திறந்த அன்று லைன் பெண்கள் முதல் குடத்தில் பருப்பு வேகவைத்தார்கள். அடுப்பில் வைத்ததும் வைக்காததுமாகக் குழைந்தது. கருப்புக் கல் தண்ணீரிலேயே வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு வேகம் இயற்கையாகத் தோன்றவில்லை. 'மருந்து' என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்தக் காலத்து ஆள் ஒருவர், 'ஆம்பளைக்கு ஆவாது, தண்ணி மேஸ்திரியே சொன்னாரு' என்றார். நான் சொல்லாததை நானே சொன்னதாக இன்றுவரை மூன்று லைன்கள் நம்புகின்றன. குழாய் வாசலில் இருக்கிறது. குடம் கிணற்றில் இருக்கிறது.

அந்த வாரம் ஊரிகத்துக்குப் போய் அக்காவின் கடையில் உட்கார்ந்தேன். தலை நரைத்திருந்தது, நாக்கு நரைக்கவில்லை. சோற்றில் பருப்பை ஊற்றினார். மெத்தென்று இருந்தது. குழாய்த் தண்ணீர்.

"இத்தினி வருசமா ஒரு வார்த்தைய வாயிலயே வெச்சிக்கினுகீற. இப்பவாவது துப்பு. அன்னைக்கி ஏரில மருந்தா, நோவா?"

"நோவுதான் யக்கா."

அவர் கரண்டியைப் பருப்புச் சட்டியில் விட்டார்.

"அப்பவே எங்கிட்ட மட்டும் சொல்லிகீலாமே. நான் பானைய ஒடச்சிட்டு..." நிறுத்தினார். "ஒடச்சிட்டு ஊருக்கு ஓடியிருப்பேன். அந்தக் குப்பத்து வழியாதான். புள்ளைங்களையும் இஸ்துக்கினு."

இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார். நான் தைரியமாகி, இப்போது லைன் ஜனங்களிடம் அவர் உண்மையைச் சொல்லலாமே, அவர் சொன்னால் கேட்பார்களே என்றேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? அவங்க வீட்ல பருப்பு வேகாத வரைக்கும்தான் இங்க எம் பருப்பு வேகும். நீ சாப்புடு மேஸ்திரி."

ஆகவே தம்பிகளே, அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் பயம் ஒரு காலத்தில் அவர்களைக் காப்பாற்றிய பயம். அதற்கு ஓய்வு கொடுக்க யாரும் இல்லாததால் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆனால் அது நன்றாக இருக்கிறதே என்று நாக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறையாவது பேத்தமங்கலம் போய், ஏரியைப் பார்க்காமல், ஏரிக்கு வரும் வாய்க்கால்களின் மேல் நடந்து பாருங்கள். அங்கே யார் வசிக்கிறார்கள், யாருடைய வழியை நாம் அடைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

லைன் ஜனங்களிடம் உண்மையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்தே ஆரம்பித்தால் உபகாரமாக இருக்கும். என் மனைவியிடம் பலமுறை பேச்சை எடுத்தேன். "நமக்கு அஞ்சு புள்ளைங்க, கிணத்துத் தண்ணி. எதிர்வீட்டுல கொழாத் தண்ணி, கல்யாணமாயி மூணு வருசமாச்சு, ஒண்ணையும் காணோம். இன்னா சொல்ற நீ?" என்று கேட்டாள். அதற்கு விளக்கம் சொல்லப் போனால் எங்கே போய் முடியும் என்று நினைத்ததுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்தேன். "பாத்தியா," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

காலையில் இதை எழுத உட்கார்ந்தபோது அவள் அடுப்பில் பருப்பு வைத்தாள். எழுதி முடித்துவிட்டேன். பருப்பு இன்னும் வேகவில்லை.

1907 நவம்பர் 2, சனிக்கிழமை.